காடு முடிகிற இடத்தில் நின்ற வேன்

எந்தக் காட்டுக்கு ஜனங்களைக் கூட்டிப் போனால் மிருகம் நிச்சயமாகக் கண்ணில் படும் என்று கேட்கிறீர்கள். என் பாதி ஆயுசு இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே போய்விட்டது. எனக்குத் தெரியாது. தெரியும் என்று சொல்கிறவனை நம்பி வேனில் ஜனங்களை ஏற்றாதீர்கள். நான் சொல்ல வந்தது அவ்வளவுதான். வேலை இருக்கிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம்.

உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு மேலே சொல்கிறேன். நடுவில் மூச்சு வாங்கினால் பொறுத்துக்கொள்ளுங்கள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ரோட்டோரத்து ஊர்ப் பலகையை நான் கூட்டி முடிப்பதற்குள் வேன் அந்த ஊரைத் தாண்டிவிடும். அதனால் நான் சொல்லச் சொல்ல உங்கள் டூர் ஆபீஸ் பெண்தான் எழுதுகிறாள்.

ஆம்பூரில் டூர் வேனுக்குச் சமையல்காரியாகத்தான் ஏறினேன். ஸ்டவ், அண்டா, அரிசி, புளி எல்லாம் கூடவே வரும். போகிற இடத்தில் இறக்கி ஆக்கிப் போடுவேன். கொஞ்ச காலத்தில் எங்கே போவது, எங்கே தங்குவது, வாந்தி எடுக்கிறவளை எந்த ஜன்னலோரம் உட்கார வைப்பது எல்லாமே என் வாயைப் பார்த்துத்தான் என்று ஆகிவிட்டது. வேன் முதலாளி பாயே, யாராவது இடம் கேட்டு வந்தால், "லூர்தக்காவ கேளுங்க" என்று கை காட்டிவிடுவார். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்கும்தான்.

நீங்கள் இன்று மழைக்காடு என்கிறீர்களே, அதை நாங்கள் இருட்டுக்காடு என்போம். நான் முதன்முதல் போன வேனின் டிரைவர் ஒருவர் இருந்தார். பேரைச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. அவர் அந்தக் காட்டைப் பற்றி ஒரே ஒரு விஷயம் சொன்னார். "அது செவுரு மாதிரிம்மா. உள்ள போனா பத்தடிக்கு மேல தெரியாது. யானை பக்கத்துல நின்னாலும் மரம்னு நெனைச்சினு போயிருவ. காடு முடியற எடமா பாத்து உக்காரு. மேயறதுக்கு அதுங்களே வெளிய வரும். வந்தா பாரு, வரலன்னா டீ குடி." இதைவிடத் தெளிவாக இதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை. ஆனால் இதை வைத்துக்கொண்டு இடம் தேர்ந்தெடுக்கப் போனபோதுதான் எவ்வளவு பேஜார் என்று தெரிந்தது.

எண்பதுகளின் தொடக்கம். ஒரு ஷூ கம்பெனியில் தையல் செக்‌ஷன் பெண்கள் தீபாவளி லீவுக்கு டூர் கேட்டார்கள். அவர்களுக்குத் தலைவி ஸ்டெல்லா, சூப்பர்வைசர். வாய் ஜாஸ்தி, மனசும் ஜாஸ்தி. ஷிப்ட் விட்ட நேரம், கம்பெனி கேட்டுக்கு எதிரே டீக்கடையில் நின்றபடி பேசினோம்.

"முதுமலைக்குப் போலாம். வேன்ல உக்காந்துனே மான் பாக்கலாம். நேரம் நல்லா இருந்தா யானையும் வரும்" என்றேன்.

"மானா? அத அமிர்தி ஜூவுலயே பாத்தாச்சுக்கா. வெயிலு தரையில வுழாத காடு ஒன்னு இருக்குதாமே, வால்பாறைப் பக்கம். அங்க போணும். சிங்கம் மாதிரி வாலு வச்ச குரங்கு இருக்குமாம்."

"குரங்குதான் வேணும்னா சோளிங்கர் மலைக்கு வா. தேங்காயோட சேத்து உன் மூக்குக் கண்ணாடியையும் புடுங்கினு போவும்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் முதுமலை என்று சொன்னதற்குக் காரணம் அந்தக் கூட்டத்தின் ஓரத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. கனகவல்லி. சின்ன வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிப்போனவள். இரும்புப் பட்டை வைத்த பூட்ஸ் போட்டுக்கொண்டு சமதரையில் நடப்பாள். மேட்டில் முடியாது. கம்பெனியில் அவளுக்குத் தோல் தரம் பார்க்கிற வேலை. பதனிட்டு வருகிற தோலை மேசையில் விரித்து உள்ளங்கையால் தடவிக்கொண்டே போவாள். கீறல், உண்ணி கடித்த தழும்பு, சூடு போட்ட இடம் எல்லாவற்றிலும் சாக்பீஸால் வட்டம் போடுவாள். அந்த இடங்களை விட்டுத்தான் வெட்டுவார்கள்.

இருட்டுக்காட்டில் வண்டி போகாது. நடந்துதான் பார்க்க வேண்டும். இவளை வைத்துக்கொண்டு அங்கே போவதா என்று நான் யோசித்தது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"லூர்தக்கா, எனக்கோசரம் காட்ட சின்னதாக்காதீங்க" என்றாள். "நீங்கள்லாம் நடங்க. நான் வேன்லயே உக்காந்துனு பாக்கறேன்."

"வேன்ல உக்காந்தா அங்க இன்னாடி தெரியும்? பனிதான் தெரியும்."

"பனிய பாக்கறேன். இங்க அதுகூட இல்லியே."

இடம் தேர்ந்தெடுப்பது என்றால் இதுதான். எந்தக் காட்டில் எத்தனை மிருகம் என்று எவனும் சொல்லிவிடுவான். கூட்டத்தில் யாரால் நடக்க முடியாது, அந்த ஆளுக்கு அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று யோசிக்கத்தான் ஆள் கிடையாது. நான் பாயிடம் சொல்லி நாலு இடம் விசாரித்தேன். கடைசியில் ஒரு தங்கும் விடுதியைப் பிடித்தேன். ஒரு பக்கம் தேயிலை, ஒரு பக்கம் காடு, நடுவில் ஒரு புல்வெளி, அதன் ஓரத்தில் விடுதி. வாசலில் வேனை நிறுத்தினால் உட்கார்ந்த இடத்திலிருந்தே காட்டின் ஓரம் முழுக்கத் தெரியும். நடக்கிறவர்கள் விடுதிக் காவல்காரரோடு உள்ளே போகட்டும், கனகா வாசலில் இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். அந்த முடிவு சரிதான் என்று இன்றைக்கும் சொல்வேன்.

கிளம்புகிற அன்று அவள் அண்ணன் அணைக்கட்டு என்கிற ஊர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்தான். விவசாயி, அதிகம் பேசாத ஆள். "ஒத்தத் தங்கச்சி. ஒன்ன நம்பித்தான் அனுப்பறேன்க்கா" என்றான்.

பாய் கொடுத்த வேன் பக்கமெல்லாம் பலகை அடித்த வேன். வாரம் முழுக்கச் சந்தையிலிருந்து உப்புப் போட்ட, இன்னும் பதனிடாத பச்சைத்தோல் ஏற்றி வரும். லீவு நாளில் கழுவி, பெஞ்சு போட்டு, ஊதுவத்தி கொளுத்தி டூருக்கு விடுவார்கள். அன்றும் அப்படித்தான் வந்தது. யாரும் மூக்கைப் பிடிக்கவில்லை. நம் ஊரில் அந்த வாசனை இல்லை என்றால்தான் ஏதோ கெட்டுப்போச்சு என்று தோன்றும்.

போன அன்று எதுவும் வரவில்லை. மறுநாள் காலையிலும் வரவில்லை. ஸ்டெல்லா கூட்டம் காட்டுக்குள் போய்விட்டு, காலெல்லாம் அட்டை தொங்கத் திரும்பி வந்தது. நான் மூக்குப்பொடியும் உப்பும் தடவி ஒவ்வொன்றாக உதிர்த்தேன். "குரங்கு சத்தம் கேட்டுச்சுக்கா, குரங்குதான் வரல" என்றார்கள். சாப்பிட்டுவிட்டு மறுபடியும் போனார்கள். கனகா வேனில் ஏறி, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். தரையில் உட்கார்ந்தால் அட்டை ஏறும். டிரைவர் காதர் வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்தான்.

நான் உள்ளே காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். சாயங்காலம், பனி இறங்குகிற வேளை. வெளியே ராவுகிற சத்தம் கேட்டது. மரத்தை அரம் போட்டுத் தேய்க்கிற மாதிரி. காதர் எழுந்து வேன் கழுவுகிறான் போலிருக்கிறது, நல்ல பிள்ளை என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தால் காதர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

வேனைச் சுற்றிக் காட்டுமாடுகள் நின்றன. கன்னங்கரேல் என்று, முழங்காலுக்குக் கீழே மட்டும் வெள்ளைக் காலுறை போட்ட மாதிரி. முதுகு வேன் ஜன்னல் உயரத்துக்கு இருந்தது. தாய் மாடுகள் நாலைந்து, ஒரு கன்றுக்குட்டி, பின்பக்கம் பெரிய காளை ஒன்று. எல்லாம் நாக்கை நீட்டி வேன் பலகையை நக்கிக்கொண்டிருந்தன. உள்ளே கனகா.

காதரை வாயைப் பொத்தி எழுப்பினேன். பார்த்தவன் "யா அல்லா" என்று முனகினான். அப்புறம் எனக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னான்.

"அக்கா, கைப்பிரேக் புடிக்காதுக்கா. முன் சக்கரத்துக்குக் கல்லு குடுத்துதான் நிறுத்தியிருக்கேன்."

வேனின் மூக்கு சரிவைப் பார்த்து இருந்தது. சரிவு முடிகிற இடத்தில் ஓடை, பாறை. பின்னால் நின்ற காளை கழுத்தை அழுத்தி அழுத்தி நக்கியது. ஒவ்வொரு அழுத்தலுக்கும் வேன் முன்னால் ஒரு இழை போய்த் திரும்பியது.

காதர் தீபாவளியில் மிச்சம் வைத்திருந்த பட்டாசுப் பையை எடுத்தான். "ஒரு லச்சுமி வெடி போட்டா ஓடிரும்."

"எந்தப் பக்கம் ஓடும்?"

பார்த்தான். ஒரு பக்கம் விடுதிச் சுவர், ஒரு பக்கம் காளை, நடுவில் வேன். மிரண்டால் வேனை இடித்துக்கொண்டுதான் ஓட வேண்டும். பையைக் கீழே வைத்தான்.

"ஹாரன் அடிக்கலாமா?"

"ஹாரன் வேன்ல இல்ல இருக்குது? நீ போயி அடிப்பியா?"

பயத்திலும் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு பலகையையே பார்த்துக்கொண்டு நின்றான். "இன்னாத்தக்கா இப்டி நக்குதுங்க?" என்று கேட்டான். கேட்டு முடிப்பதற்குள் அவனுக்கே புரிந்துவிட்டது. எனக்கும். வருஷக்கணக்காகத் தோல் உப்பு ஊறின பலகை. மேலே கழுவினால் போகாது. ஆம்பூரிலிருந்து உப்பு மூட்டையைக் காட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, அதற்குள் ஒரு பெண்ணையும் உட்கார வைத்திருந்தோம்.

அந்த நேரம் பார்த்துத் தூரத்தில் ஸ்டெல்லா கூட்டம் பாடிக்கொண்டு திரும்பி வருகிற சத்தம் கேட்டது.

"நீ பின்பக்கமா போயி அவளுங்கள மடக்கு. வாயத் தொறந்தா தொலைஞ்சோம்னு சொல்லு" என்று காதரை அனுப்பினேன். நான் சமையல்கட்டிலிருந்த கல்லுப்புப் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். என்ன செய்யப் போகிறேன் என்று முழுதாக யோசித்து முடிக்கவில்லை. நம் வேலையில் பல சமயம் அப்படித்தான். செய்யக் கூடாதது எது என்று தெரிந்தால் போதும், மிச்சத்தை நடந்துகொண்டே யோசிக்கலாம்.

முதலில் அவளுக்குக் குரல் கொடுத்தேன். கரண்டி எடுத்து வரச் சொல்கிற மாதிரி சாதாரணமாக. "கனகா, கதவத் தொடாத. அப்டியே இரு."

உள்ளேயிருந்து மெல்லப் பதில் வந்தது. "கத்தாதக்கா. நான் பாத்துனு இருக்கேன்."

காப்பாற்ற வந்தவள் நான், அவள் என்னை அதட்டுகிறாள்.

ஒரு கை உப்பை அள்ளிக் கன்றுக்குட்டிக்குப் பக்கத்தில் வீசினேன். அது துள்ளி விலகி நின்றது. பிறகு குட்டிகளுக்கே உள்ள புத்தி, திரும்பி வந்து மோந்து பார்த்தது, நக்கியது. அடுத்த கையை இன்னும் கொஞ்சம் தள்ளிப் போட்டேன், சரிவுக்கு எதிர்ப்பக்கம், புல்வெளியைப் பார்த்து. குட்டி நகர்ந்தது. தாய் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. நான் கல்லாக நின்றேன். அது குட்டி பின்னால் போனது. அதன் பின்னால் மற்றவை ஒவ்வொன்றாக வேனை விட்டு விலகின. மிச்ச உப்பைப் புல்லில் மொத்தமாகக் கொட்டிவிட்டுப் பின்வாங்கினேன்.

காளை மட்டும் போகவில்லை. அதற்குப் பலகைதான் பிடித்திருந்தது. ஜன்னலுக்குக் கீழே வந்து, கம்பியைக்கூட நக்கியது. கம்பியில் கனகாவின் கை இருந்தது. அவள் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் அந்த அசைவுக்கு அது மிரண்டிருக்கும். நான் கும்பிடுகிற மாதாவை எல்லாம் கூப்பிட்டேன். வேன் முனகியது. கல் கிறீச்சென்றது.

பிறகு அது போய்விட்டது. என் உப்புக்காக இல்லை. போதும் என்று அதற்குத் தோன்றியபோது தலையைத் திருப்பிக்கொண்டு, அவசரமே இல்லாமல் காட்டுக்குள் நடந்தது. மற்றவையும் அதன் பின்னால் போயின. காதர் ஓடிவந்து சக்கரத்துக்கு இன்னும் இரண்டு கல் கொடுத்தான். நானும் ஸ்டெல்லாவும் ஏறி, கனகாவின் விரல்களைக் கம்பியிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தோம். அழுவாள் என்று நினைத்தேன். அவள் கையை மூக்கருகே வைத்து மோந்து பார்த்துக்கொண்டாள்.

"நாங்க அட்டைக்கு ரத்தம் குடுத்துட்டு வர்றோம். இவளுக்கு மாடே வந்து கைய நக்கிட்டுப் போவுது. ராணிடி நீ" என்று ஸ்டெல்லா அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

இதோடு முடிந்திருந்தால் உங்களுக்குச் சொல்லியிருக்கவே மாட்டேன். நல்ல காலம் தப்பித்தோம் என்று போயிருக்கும். மறுநாள் விடிந்ததும் ஸ்டெல்லா சமையல்கட்டில் வந்து நின்றாள். பின்னால் எல்லாப் பெண்களும்.

"அக்கா, இன்னிக்கும் உப்பு கொட்டேன். வேனக் கல்லு வச்சு நல்லா நிறுத்திட்டு, நாங்க எல்லாரும் விடுதி மாடில நின்னு பாக்கறோம்."

"மாட்டேன்."

"ஒருத்திக்கு மட்டும் படம் காட்டிட்டு எங்களுக்கு டிக்கெட் இல்லன்றியா?"

"கீழ பாரு" என்றேன். சரிவுக்கு அந்தப் பக்கம் தேயிலை பறிக்கிறவர்களின் லைன் வீடுகள் வரிசையாகத் தெரிந்தன. பெண்கள் கூடையை மாட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார்கள், கையில் குழந்தைகளோடு. "நாம நாளைக்கு ஊருக்குப் போய்டுவோம். உப்பு ருசி கண்டது திரும்ப வரும். இங்க இல்லன்னா அங்க போவும். அவளுங்க வூட்லயும் உப்பு இருக்குது."

"நேத்து நீயேதான கொட்டுன?"

"கொட்டுனேன். கொட்டுன மண்ணையும் காவல்காரரு கூட சேந்து ராத்திரிக்கு முன்னயே வெட்டி அள்ளிட்டேன். போயிப் பாரு."

"அப்ப எங்களுக்கு ஒன்னுமே கெடையாதா? எங்க போனீங்கன்னு கேட்டா இன்னான்னு சொல்றது? அட்டை பாத்தோம்னா? அடுத்த வருசம் நாங்க வேற ஆள பாத்துக்கறோம்."

"பாத்துக்கோ."

அவ்வளவு சுலபமாக வாயிலிருந்து வந்தது என்று நினைக்காதீர்கள். அந்தக் கம்பெனிப் பெண்கள் கைவிட்டால் மற்ற கம்பெனிகளும் விடும். என் பேர் ஆம்பூர் முழுக்கக் கெடும். இருந்தாலும் காசு கொடுத்து வந்தவள் கேட்கிறாள் என்று காட்டைக் கூப்பிட்டுக் காட்டுகிற இடத்தை ஒருநாளும் தேர்ந்தெடுக்காதீர்கள். இப்போது அப்படி நிறைய இடங்கள் இருக்கின்றனவாம். உப்புக்கட்டி வைத்து, வாழைத்தார் போட்டு, நிச்சயம் தெரியும் என்று போர்டும் மாட்டுகிறார்களாம். அங்கே கூட்டிப்போவது சுலபம். நம் ஜனங்கள் கைதட்டிவிட்டு வந்துவிடுவார்கள். அதற்கப்புறம் அங்கே குடியிருக்கிறவர்களுக்கு என்ன ஆகிறது என்று பார்க்க நம் வேன் திரும்பிப் போகாது.

அந்த ராத்திரியும் வேன் அங்கேதான் நிற்க வேண்டும். காதரைக் கூப்பிட்டு வேனை லைன் வீடுகளுக்கு வெகு தூரம் தள்ளி, ரோட்டுப் பாலத்தடியில் ஓடும் ஆற்றுக்கு ஓட்டச் சொன்னேன். பலகைகளைக் கழற்றித் தேய்க்கச் சொன்னேன். முதலில் நானும் அவனும்தான் இறங்கினோம். ஸ்டெல்லா பாலத்தின் மேல் கை கட்டிக்கொண்டு நின்றாள். என் இடுப்பு பிடித்துக்கொண்டதைப் பார்த்தாளோ என்னவோ, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். அவள் இறங்கினால் மற்றவர்கள் நிற்பார்களா?

"மிருகம் பாக்க வந்து வேன் கழுவினு போற மொத கூட்டம் நாமதான்டி" என்று தேங்காய் நாரால் பலகையைத் தேய்த்தாள். "நம்மூர்ல கழுவ வேன் இல்லன்னு இங்க வந்தோம்."

கனகா பாறையில் உட்கார்ந்து, கழற்றிப் போட்ட பலகைகளை மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். முந்தின சாயங்காலத்திலிருந்து அவள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. இப்போது யாரும் கேட்காமல் பேசினாள்.

"அக்கா, அந்தக் காள தோளு மேல ஒரு ஈ உக்காந்துச்சு. அந்த எடம் மட்டும் நடுங்குச்சு. இத்தினி எடம். மத்த தோலெல்லாம் சும்மா கம்முனு இருந்துச்சு. ஈ எழுந்து வேற எடத்துல உக்காந்தா, அந்த எடம் நடுங்குச்சு." பலகையில் உள்ளங்கையை வைத்தாள். "இத்தினி வருசமா நான் தோல தடவறேன். கீறல் தெரியும், உண்ணி தெரியும், சூடு தெரியும். தோலுக்கு இது தெரியும்னு எனக்குத் தெரியாதுக்கா."

தையல்காரிகளும் நானும் எல்லோரும் ஆற்றுத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தோம். ஸ்டெல்லா நாரைப் பிடித்தபடியே ஒரு காலைத் தண்ணீரிலிருந்து தூக்கி, அட்டை கடித்த இடத்தைச் சுற்றியிருந்த தோலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

பிறகு, "தண்ணி ஊத்துங்கடி" என்றாள்.

பலகையிலிருந்து உப்பு போகும்வரை ஊற்றினோம்.